அனுப்புற தலையும் வாங்குற தலையும்

வெள்ளிமலை மறுவாழ்வு மையத்தில் ஒரு டிவி இருந்தது. ஒரு வீடியோ கேம் பெட்டியும் இருந்தது. இரண்டும் ஒரே மேசையில், ஒரு முழம் இடைவெளி விட்டு, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு வயர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வயர் இல்லாமல் போனதற்கு யாரும் பொறுப்பில்லை என்பது பிற்பாடு முறைப்படி விசாரித்து உறுதி செய்யப்பட்டது.

வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஜீப் ஓட்டுகிற பழனியின் பெண்சாதி கோகிலவாணி. சாமை அடிக்கிற மெஷின் பெல்ட்டில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, தையலும் காய்ந்துவிட்டது. விரல்கள் மட்டும் மடங்க மாட்டேன் என்று குச்சி குச்சியாக நின்றன. கதிர் அறுக்கிறவள், களி கிண்டுகிறவள், தன் தலைமுடியைத் தானே அள்ளி முடிகிறவள் மடங்காத விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், சொல்லுங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வாரம் ஒருமுறை மலையேறி வருகிற உடற்பயிற்சிக்காரப் பெண் மணிமொழி எதையும் ஒளிக்கவில்லை.

“தினமும் மடக்கணும்க்கா. வலிக்கத்தான் செய்யும். இந்த வருச மழ ஓயறதுக்குள்ள மடங்கலன்னா அப்பறம் அப்டியே இறுகிப்பூடும். அதுக்கு மேல நானு இன்னா பண்ணாலும் ஆவாது.”

வலி என்றால் சாதாரண வலியா? பழனி ஒரு விரலைத் தொட்டாலே அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவனே கையை விட்டுவிடுவான். பிறகு ஒருநாள் கள்ளக்குறிச்சி மையத்தில் மணிமொழி அவளை டிவி முன்னால் உட்காரவைத்து, வலது கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்தாள். திரையில் ஒரு குளம், குளத்தில் ஒரு கொக்கு. பட்டனை அழுத்தினால் கொக்கு மீனைக் கொத்தும், அழுத்தாவிட்டால் மீன் போய்விடும். மீனை விடுகிறவளா வாணி? “ஐயோ, பெரிய மீனு போவுது மாமா” என்று பதறிப் பதறி அழுத்தினாள். ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆள்காட்டி விரல் மடங்கியிருந்தது அவளுக்கே தெரிந்தது. வலியை மறந்துபோயிருந்தாள்.

மலைக்கும் இப்படியொரு பெட்டி வேண்டும் என்று மணிமொழி மேலிடத்துக்குச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. இங்கே இரண்டு பெரிய இடங்களை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. கேம் பெட்டிகள் விளையாட்டுச் சிகிச்சை இயக்ககத்தைச் சேர்ந்தவை. டிவிகள் காட்சித் திரை வாரியத்தைச் சேர்ந்தவை. இரண்டு அலுவலகமும் கள்ளக்குறிச்சியில் ஒரே கட்டிடத்தில் எதிரெதிர் அறைகளில் இருந்தன. அறைகளுக்கு நடுவில் ஒரு நடை இருந்தது. நடையை யார் பெருக்குவது என்ற தகராறில் அது பல காலமாகப் பெருக்கப்படாமல் கிடந்தது.

விளையாட்டு இயக்ககம் உடனே மனம் இரங்கி, கீழே ஓடிக்கொண்டிருந்த பெட்டியையே கழற்றி மலைக்கு அனுப்பியது. வயரை அனுப்பவில்லை. அது கீழே இருக்கிற டிவியோடு ஒட்டிய உறுப்பாம். ஆக, கீழே டிவியும் வயரும் பெட்டி இல்லாமல் இருந்தன. மேலே டிவியும் பெட்டியும் வயர் இல்லாமல் இருந்தன. இரண்டு இடத்திலும் திட்டம் பாதிக்கு மேல் நிறைவேறிவிட்டதாக அறிவித்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, பெட்டியோடு எந்த வயரும் வரவில்லை என்று இல்லை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலையுள்ள பழைய வயர் ஒன்று வந்தது. பழனி டிவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தத் தலைகள் நுழைகிற ஓட்டை எங்கேயும் இல்லை. பெட்டி, டிவி இரண்டின் முதுகையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் பிரவீன்குமாரிடம் போய் நின்றான்.

“இது பழய டிவிக்குண்டான வயருண்ணே” என்றான் பிரவீன்குமார். “உங்க டிவில அந்த ஓட்டையே இல்ல. இருந்தாலும் படம் கலங்கலாத்தான் தெரியும். இதோ பாருங்க, பொட்டிக்குப் பின்னாடியும் டிவிக்குப் பின்னாடியும் தட்டையா ஒரே மாரி ஒரு ஓட்டை கீது. எச்டிஎம்ஐம்பாங்க. இந்த வயரு போதும். ரெண்டு தலயும் ஒண்ணுதான், எத எதுல வேணா சொருவலாம்.”

“மாத்தி சொருவிட்டன்னா?”

“மாத்தி சொருவினாலும் படம் வரும்ணே. அதான் இதோட அழகே.”

இந்த அழகுதான் பின்னால் பெரிய குற்றமாகப் போகிறது என்று பாவம், அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அன்று மாலையே பழனி வயரைச் செருகினான். குளம் வந்தது, கொக்கு வந்தது. மீனின் செதில்கூட எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. வாணி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். மறுநாளும் ஆடினாள், அதற்கு மறுநாளும் ஆடினாள். ஆள்காட்டி விரலுக்குத் துணையாக நடுவிரலும் லேசாக அசைந்தது. வீட்டுக்கு வந்து பழனியின் சட்டைப் பட்டனைத் தானே மாட்டிப் பார்த்தாள். முழுசாக மாட்டவில்லை, பாதி மாட்டினாள். பழனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பாதிப் பட்டனோடேயே அன்று முழுக்க ஜீப் ஓட்டினான்.

அந்த வாரக் கடைசியில் திரை வாரியத்தின் உதவி இயக்குநர் தீனதயாளன் ஆய்வுக்கு வந்தார். டிவி ஓடுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. டிவி ஓடி அவர் பார்த்ததில்லை.

“இந்தக் கம்பி யாருது?”

“நாந்தாங்க வாங்கியாந்தேன்” என்றான் பழனி.

“டிவி அரசாங்கத்துது. பெட்டியும் அரசாங்கத்துது. அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல தனியாரு நீ எப்படிய்யா வந்த?”

வாணி அப்போதுதான் ஒரு பெரிய மீனுக்குக் குறி வைத்திருந்தாள். தீனதயாளன் தன் கையாலேயே வயரைப் பிடுங்கினார். குளம் கறுத்துப் போனது. வயரைச் சுருட்டி உறையில் போட்டு, அரக்கு வைத்து, மையத்து அலமாரியில் பூட்டினார். கண்டும் காணாமல் இருந்த குற்றத்துக்கு மணிமொழிக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. தற்காலிக வேலைக்காரப் பெண், பயந்துவிட்டாள். “என்ன விட்ருங்கண்ணா, இந்த வேல போனா எங்க வூட்ல ஒலை வைக்க முடியாது” என்று பழனியிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பழனி கள்ளக்குறிச்சிக்குப் போனான். வயரை இனாமாகவே கொடுத்துவிடுகிறேன், அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும், மாட்டினால் போதும் என்று தீனதயாளனிடம் கெஞ்சினான்.

“இனாமா யாருக்குத் தர்ற? எனக்கா, எதிர் ரூமுக்கா?” என்றார் அவர். “டிவில இருக்கிற ஓட்டை எங்களுது. ஓட்டையில நுழையிற தலைவரைக்கும் நான் வாங்கிக்கலாம். அதுக்கு மேல ஒரு விரக்கடை வயரு வந்தாலும் நான் அடுத்த துறையில தலையிட்ட மாதிரி ஆயிடும். முப்பது வருஷமா நான் எதுலயும் தலையிட்டதில்ல. போயி கேட்டுப் பாரு, சொல்லுவாங்க.”

பழனி பெருக்காத நடையைத் தாண்டி எதிர் அறைக்குப் போனான். அங்கே விளையாட்டு இயக்ககத்தின் துணை அலுவலர் விஜயலட்சுமி அன்பாகவே பேசினார். உட்காரச்சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

“எங்க பெட்டியிலேர்ந்து படம் வெளிய போவுது. போறத பத்தி எங்களுக்கு என்ன கவலை? வேணுங்கிறவங்கதான் வந்து எடுத்துக்கணும். பொண்ணு எங்க வீட்டுது, மாப்பிள்ள வீட்டார்தானே வண்டி கொண்டு வரணும்?”

“அந்த வண்டிய நானே கொண்டாந்தேங்க மேடம். புடிச்சி உள்ள போட்டுட்டாங்க.”

“அடடா” என்று உண்மையாகவே வருந்தினார் விஜயலட்சுமி. “சரி, ஒரு குழு போட்டுடலாம்.”

குழு போட்டார்கள். அதற்கு உயர் தெளிவு இணைப்புக் கம்பித் தேர்வுக் குழு என்று பெயர் வைத்தார்கள். குழு கூடுவதற்குள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மழை கொஞ்சம் இளைத்தாலும் பழனி வாசலுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தான். ஊரே மழை விட்டால் போதும் என்று சாமி கும்பிடும்போது, மழை ஓய்ந்துவிடக் கூடாது என்று கும்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். ஓய்ந்தால் வாணியின் கை போய்விடும்.

அசைந்துகொண்டிருந்த நடுவிரல் நின்றுவிட்டது. ஒருநாள் வாணி அடுப்பில் களிச்சட்டியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையில் துடுப்பைத் துணியால் கட்டிக்கொண்டு கிண்டப் பார்த்தாள். சட்டி கவிழ்ந்தது. அவள் அழவில்லை, சாம்பலில் கொட்டிய களியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழனி அவள் கையை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மடக்கினான். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவன் அடிக்கிறான் என்று நினைத்தார்கள்.

“வுடு மாமா” என்றாள் வாணி. “நல்லாருக்கற கைய வச்சே காலத்த ஓட்டிக்கிறேன். நீ ஆபீசு ஆபீசா அலயாத.”

அவன் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி அழுதான்.

குழு கூடிய அன்று பயனாளி தரப்பு என்று பழனியையும் கூப்பிட்டிருந்தார்கள். பேசலாம், ஆனால் பேசியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேசைமேல் பித்தளைத் தாம்பாளத்தில், தாம்பூலம் மாதிரி, வகைவகையாக வயர்களை அடுக்கியிருந்தார்கள். தீனதயாளன் ஒரு வயரின் நுனியைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“உயர் தெளிவுன்னு போட்டிருக்கான். ஒண்ணுந் தெரியலையே.”

விஜயலட்சுமியும் வாங்கிப் பார்த்துவிட்டு, தமக்கும் தெரியவில்லை என்றார். இரு துறைகளும் ஒரு கருத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை என்பதால் எல்லோரும் சற்று நேரம் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அடுத்து மூன்று தலை வயரை ஆராய்ந்தார்கள். கனமாக இருக்கிறது, மூன்று வண்ணம் இருக்கிறது, கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது என்று பலரும் பாராட்டினார்கள். அது டிவியில் நுழையாது என்று பழனி சொன்னான். நுழைவது மாட்டுகிறவர் சாமர்த்தியம், தேர்வுக் குழுவின் வேலை தேர்வு செய்வது என்று விளக்கினார்கள்.

கடைசியில் பிரவீன்குமார் கொடுத்ததைப் போன்ற எச்டிஎம்ஐ வயரைக் கையில் எடுத்தார்கள்.

“இதாங்க, இதேதாங்க” என்று பழனி எழுந்துவிட்டான். “இதுல நல்லா படம் வந்துதுங்க. எங்க வூட்டுக்காரிக்கு வெரல் மடங்குச்சுங்க.”

“அதான் பிரச்சினையே” என்றார் தீனதயாளன். “தேர்வு செய்யறதுக்கு முன்னாடியே வேலை செஞ்சிருக்கு. நாளைக்கு ஒவ்வொரு பொருளும் இப்படி ஆரம்பிச்சா, குழுவெல்லாம் எதுக்கு?”

“அதோட ரெண்டு தலையும் ஒரே மாதிரி இருக்கு” என்று கவலைப்பட்டார் விஜயலட்சுமி. “எது அனுப்புற தலை, எது வாங்குற தலைன்னே தெரியல. நாளைக்கு அவங்க தலை எங்க ஓட்டையில வந்து உக்காந்தா யாரு பதில் சொல்றது?”

பழனி கையெடுத்துக் கும்பிட்டான். “தாயே, எந்தத் தலய வேணா எதுல வேணா போடுங்க. மழ ஓயப் போவுது. அவ கை போயிடும்.”

மழை எந்தத் துறையின்கீழ் வருகிறது என்று ஒருவர் கேட்டார். இந்த இரண்டு துறையிலும் இல்லை என்பது தெளிவானதும் கூட்டம் மதிய உணவுக்குக் கலைந்தது.

எப்படியோ, யார் செய்த புண்ணியமோ, கடைசியில் எச்டிஎம்ஐ வயரையே தேர்ந்தெடுத்தார்கள். நிறம் சிவப்பு, அது மங்களம். ஒரு தலையில் ‘அனுப்புநர்’ என்றும் இன்னொரு தலையில் ‘பெறுநர்’ என்றும் சீட்டு ஒட்டினார்கள். வெள்ளிமலை மையத்தில் இணைப்பு விழா என்று நாள் குறித்தார்கள். மலையில் மழை சிணுசிணு என்று இளைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஓயவில்லை. பழனி வாணியின் தலையைத் தானே வாரிப் பின்னிவிட்டு, கோணல் வகிடோடு மையத்துக்கு அழைத்துக்கொண்டு போனான்.

வாசலில் மாவிலைத் தோரணம், வாழை மரம், மைக் செட்டு. எல்லாம் இருந்தன, ரிப்பன் மட்டும் இல்லை. ரிப்பன் வாங்குவது யார் என்பதில் நேற்றுவரை முடிவு வரவில்லையாம். இரண்டு அதிகாரிகளும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு தீனதயாளன் முகமலர்ச்சியோடு வந்து, சிவப்பு வயரை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, வாசலின் இரண்டு வாழை மரத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டச் சொன்னார்.

பழனி முதலில் அதை அலங்காரம் என்றே நினைத்தான். தட்டில் கத்தரிக்கோல் வந்ததும் முன்னால் ஓடினான்.

“சார், அது வயருங்க. வெட்டிப்புட்டா படம் வராதுங்க.”

“வெட்டாம எப்படிப்பா திறக்கிறது?” என்று பொறுமையாகக் கேட்டார் தீனதயாளன். பிறகு மைக்கைப் பிடித்தார். “இன்றைய தினம் நாம் திறந்து வைப்பது கட்டிடத்தையல்ல, இணைப்பை. ஆகவே இணைப்பையே வெட்டித் திறப்பதுதான் முறை. மேலும், சரிபாதியாக வெட்டுவதால் பெறுநர் தலை எங்கள் வாரியத்துக்கும், அனுப்புநர் தலை இயக்ககத்துக்கும் தகராறில்லாமல் வந்து சேர்கிறது. இத்தனை காலமாக இரு துறைகளையும் பிரித்து வைத்திருந்த சிக்கலை இந்த ஒரு வயர் தீர்த்து வைத்திருக்கிறது.”

கைதட்டினார்கள். விஜயலட்சுமி கத்தரிக்கோலை எடுத்தார். அப்போது வாணி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் வயரை இறுகப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்மா, வேணாம்மா” என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. போட்டோக்காரர் நாலு படம் எடுத்தார்.

“பாருங்க, பயனாளி எவ்வளவு இறுக்கமா பிடிக்கிறாங்க” என்றார் விஜயலட்சுமி, கண் கலங்கி. “மாட்டறதுக்கு முன்னாடியே பலன் வந்திடுச்சு.”

“அது எடது கைங்க மேடம்” என்று பழனி கத்தினான். “அடிபட்டது சோத்தாங்கை.”

“எங்க திட்டத்துல கைன்னுதான்பா இருக்கு. வலது, இடதுன்னு பிரிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்ல.”

வாணியின் பிடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக வெட்டினார்கள். பெறுநர் தலையைத் தீனதயாளனும் அனுப்புநர் தலையை விஜயலட்சுமியும் சால்வையோடு வாங்கிக்கொண்டார்கள். நடுவில் ஒரு சாண் வயர் வாணியின் கையில் மிச்சமிருந்தது. அது யாருக்கும் சேராததால் யாரும் கேட்கவில்லை.

பயனாளி குணமாகிவிட்டதால் டிவிக்கும் பெட்டிக்கும் மலையில் இனி வேலை இல்லை என்று அங்கேயே முடிவாயிற்று. அன்றே கீழே கொண்டுபோக வேண்டும். மலையில் அந்நேரத்துக்கு வேறு வண்டி ஏது, பழனியின் ஜீப்தான் கிடைத்தது. பின்னால் டிவியை ஏற்றி, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். வளைவில் ஆடி விழுந்துவிடும், கயிறு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. தீனதயாளன் யோசித்தார். அலமாரியைத் திறந்து, அரக்கை உடைத்து, உறையிலிருந்து பழனி வாங்கிய வயரை எடுத்து, டிவியையும் பெட்டியையும் சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, நல்ல உறுதியான கம்பி என்று சொன்னார்.

தத்தம் சொத்துக்குக் காவலாக இரண்டு அதிகாரிகளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்னால் பழனிக்கு இடது பக்கம் வாணி உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. ஆறே கரையை உடைத்தாலும் உடைக்கட்டும், இன்னும் கொஞ்சம் பெய்யக் கூடாதா என்று பழனி வானத்தைப் பார்த்தான். வெயில் அடித்தது. கண்ணாடியில் பின்னால் அந்த வயர் தெரிந்தது. வண்டியை அப்படியே பள்ளத்தில் விட்டுவிடலாமா என்றுகூட அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் வாணி இருந்தாள்.

முதல் வளைவு வந்தது. கியரை மாற்றக் கையைக் கொண்டுபோனான். குமிழ்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வாணியின் வலது கை.

“உன் கைய மேல வச்சி அமுக்கு மாமா” என்றாள். “மடங்கற வரிக்கும் வுடாத. நான் கத்தினாலும் வுடாத.”

அவன் தன் கையை அவள் கைமேல் வைத்து, விரல்களைக் குமிழைச் சுற்றி அழுத்தி, கியரை இழுத்தான். அவள் உதட்டைக் கடித்தாள், கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மாலைமாலையாக வந்தது. இருவருக்கும்தான் வந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே செய்தார்கள். மலை இறங்குகிற வரைக்கும் வளைவுக்கா பஞ்சம்.

பின்னாலிருந்து தீனதயாளன் எட்டிப் பார்த்தார்.

“ஏம்பா, கியர்ல அந்தம்மா கை எதுக்கு? குணமாயிடுச்சின்னு அறிவிச்சாச்சு. அதுக்கப்புறமும் சிகிச்சை எடுத்துக்கிறது முறையில்ல.”

பழனி திரும்பிப் பார்க்கவில்லை.

“இது எங்க வூட்டு கியருங்க” என்றான்.

அடுத்த வளைவு தெரிந்தது. “ம், அமுக்கு” என்றாள் வாணி.